லெந்து குறிப்பேடு: வாங்கலாம், கடைசி வரியை அடித்துவிட்டு

லெந்து என்னும் ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு இரண்டு வாரம் முன்பே சேலத்தில் ஆலய வாசல் புத்தக மேசைக்கு வந்துவிடும் 40 நாள் கீழ்ப்படிதல் குறிப்பேடு இது. விலை 60 ரூபாய். கம்பிச் சுருள் கட்டு, நாளுக்கு ஒரு பக்கம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறுக்குப் பக்கம் இல்லை என்று சிலர் மேசையில் வந்து சண்டை போடுகிறார்கள். லெந்தில் ஞாயிறை உபவாச நாளாக எண்ணுவதில்லை. குறிப்பேடு சரியாகத்தான் இருக்கிறது.

தாள் மெல்லிசு. ஜெல் பேனா மறுபக்கம் ஊறும், பால்பாயிண்ட் போதும். ஏற்காட்டுக்காரர்கள் மழை மாதங்களுக்கும் எடுத்து வைத்து எழுதுவதென்றால் ஜிப் கவரில் போட்டு வையுங்கள், ஈரக் காற்றில் அட்டை வளைந்துவிடும்.

ஒவ்வொரு பக்கத்திலும் மேலே வசனம். அதன் கீழே மூன்று கட்டம்: கைக்கொண்டது (கீழ்ப்படிந்தது), தவறியது, ஏன். அதற்கும் கீழே 'இன்று பெற்ற நன்மை' என்று ஒற்றை வரி. அடியில் '10-க்கு எத்தனை?' சனிக்கிழமைப் பக்கத்தில் வாரக் கூட்டுத்தொகை.

குறிப்பேட்டைக் கெடுப்பது இந்தக் கூட்டுத்தொகைதான். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், கொலுசை எடை போட்டு வாங்குவார்கள், சேதாரம் போகக் குறைந்தால் ஆள் பதில் சொல்ல வேண்டும். தொழிலுக்கு அது நியாயம். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் அந்தத் தராசைக் கொண்டுவந்து வைத்தால் லூக்கா 15-இல், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனின் கதையில் வரும் மூத்த மகன்தான் கிடைப்பான். ஒருக்காலும் கற்பனையை (தகப்பன் கட்டளையை) மீறவில்லை என்று கணக்குக் காட்டுகிறான், பத்துக்குப் பத்து. ஆனால் தம்பி திரும்பி வந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அவனுக்கு மனசில்லை.

மதிப்பெண் குறைகிறவர்களுக்கு வேறு தொல்லை. இரண்டு நாள் விட்டுப்போகும். மூன்றாம் நாள் திறக்கவே கூசும். இரண்டாவது வாரத்தில் குறிப்பேடு பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கும். சோம்பல் என்று பிரசங்கத்தில் வசவு விழும். உண்மையில் இது பயத்தின் வேலை. ஆதாம் "பயந்து, ஒளித்துக்கொண்டேன்" என்றான். இயேசு சொன்ன உவமையில் ஒரு தாலந்துப் பணம் வாங்கிய வேலைக்காரனும் எஜமான் கடினமானவர் என்று பயந்துதான் அதைக் குழி தோண்டிப் புதைத்தான். பயத்தில் கீழ்ப்படிகிறவர் தவறியதும் முதலில் தேடுவது மறைவிடத்தைத்தான்.

அதனால் முதல் நாளே ஸ்கேல் வைத்து 40 பக்கத்திலும் மதிப்பெண் வரியை அடித்துவிடுங்கள். பிறகு பக்கத்தைக் கீழே இருக்கும் வரியிலிருந்து தொடங்கி நிரப்புங்கள். 'பெற்ற நன்மை' முதலில். 'தேவன் நல்லவர்' என்று எழுதினால் எழுதாத மாதிரிதான். 'அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கி அரை டம்ளர் கஞ்சி குடித்தார்' என்று எழுத வேண்டும். இடம் போதாது, ஓரத்திலும் எழுதலாம். பத்துக் கட்டளை கொடுக்கப்பட்ட சீனாய் மலையிலும் இதே வரிசைதான். யாத்திராகமம் 20-இல் எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின தேவன் நானே என்பது 2-ஆம் வசனம். முதல் கட்டளை அதற்குப் பிறகுதான் வருகிறது.

அடுத்தது 'தவறியது'. ஒன்றே ஒன்று போதும். ஐந்தாறு எழுதினால் அடுத்த நாளும் அதே பட்டியல்தான் வரும். 'ஏன்' கட்டத்தில் 'பலவீனம்' என்று போடாதீர்கள், நாற்பது நாளும் அதையே போடுவீர்கள். யாருக்குப் பயந்து, எது கைவிட்டுப் போகும் என்று பயந்து அப்படிச் செய்தேன் என்பதை எழுதுங்கள். கடைசியாகக் 'கைக்கொண்டது': செய்ததோடு, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்றும் சேருங்கள். வாரம் முழுக்க அதில் ஓர் ஆளின் பெயர்கூட வரவில்லையென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். மொத்தம் பத்து நிமிஷம். விட்டுப்போன நாளைப் பின்னால் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும்.

அட்டையைப் பற்றி ஒரு குறை. அதில் உள்ள வசனம் யோவான் 14:15: "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்." அதில் "கைக்கொள்ளுங்கள்" என்பதைச் சிவப்பில் கொட்டை எழுத்தாகவும், "அன்பாயிருந்தால்" என்பதை அதற்கு மேலே பொடி எழுத்தாகவும் போட்டிருக்கிறார்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அந்த இடம் "கடைப்பிடிப்பீர்கள்" என்று வரும். கிரேக்கக் கைப்பிரதிகளிலேயே பாடம் (எழுதியிருக்கும் சொல்வடிவம்) வேறுபடுகிறது: 'தேரேசத்தே' என்றால் ஏவல், 'தேரேசெத்தே' என்றால் எதிர்காலம். ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். எந்தப் பாடத்தை எடுத்தாலும் வாக்கியம் அன்பில்தான் தொடங்குகிறது. அதைப் பொடியாக்கினால் மிச்சம் நிற்பது அதட்டல்.

இருப்பதிலேயே நல்ல பக்கம் 17-ஆம் நாள். சங்கீதம் 130:4: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனைக்குப் பயப்படுவதும் மன்னித்தவரிடம் பயபக்தியாய் இருப்பதும் வேறுவேறு என்பது இந்த ஒரு வசனத்திலேயே இருக்கிறது. விளக்கம் ஒரு வரிகூடப் போடவில்லை, அது ஏமாற்றம். வசனத்தை மட்டுமாவது ஒரு தாளில் எழுதி, 1 யோவான் 4:18-ஐயும் ("பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்") பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

பிள்ளைகள் பதிப்பு 40 ரூபாய். பக்கத்துக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர், 'பெற்றோர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். வேண்டாம். பிள்ளை ஸ்டிக்கருக்காக எழுதும். திட்டு விழும் என்று தோன்றும் நாளில் பொய் எழுதும். பெரியவர் பதிப்பையே இன்னொன்று வாங்கி, 'பெற்ற நன்மை' வரியை மட்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். 'ஏன்' கட்டம் பத்து வயசுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.