பொம்மை வீடு கிட் வாங்குவதற்கு முன் கதவின் உயரத்தைக் கேளுங்கள்

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா பிறந்து வளர்ந்த வீட்டை 2016-ல் இடித்துவிட்டார்கள். திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம், பின்கட்டில் கிணற்றடி. எங்களிடம் மிச்சம் இருப்பது பதினொரு புகைப்படங்கள்தான். அந்த வீட்டை மினியேச்சராகச் செய்து அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருடங்களாகச் சாமான் சேர்த்துக்கொண்டிருந்தேன். அதில் 12,500 ரூபாய் ஏமாந்த விவரத்தைத்தான் எழுதுகிறேன். கொலு வரப்போகிறது. பார்க் கட்டவும் வீடு வைக்கவும் இதே மாதிரி கிட் (வெட்டிய துண்டுகளாக வருவதை நாமே கோத்து மாட்டுவது) தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. ‘கிராமத்துத் திண்ணை வீடு, 1:12 ஸ்கேல், 4 மி.மீ. பிளைவுட், லைட்டிங்கோடு’ என்று போட்டிருந்தார்கள். படங்கள் அத்தனை அழகு. அந்தப் பக்கத்தை நடத்துகிறவரிடம் வாட்ஸ்அப்பில் பேசினேன். எங்கள் வீட்டுப் படங்களையும் அளவுகளையும் அனுப்பினேன். “பண்ணிடலாம் சிஸ்டர், இருபது நாள் போதும்” என்றார். முன்பணம் 7,500, அனுப்பும் முன் மீதி 5,000. இரண்டையும் அவருடைய சொந்த நம்பருக்கே ஜிபேயில் போட்டேன். இருபது நாள் எழுபது நாளானது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், கைவேலைக்கு நேரம் ஆகும்தானே.

பெட்டி வந்ததும் முதலில் வாசற்கதவைத்தான் எடுத்துப் பார்த்தேன். அங்கேயே மனசு விட்டுப்போச்சு.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். 1:12 என்றால் நிஜ வீட்டின் ஓர் அடி, பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். உலகம் முழுக்கப் பொம்மை வீடு கட்டுகிறவர்கள் அதிகம் பிடித்துக்கொள்கிற கணக்கு இதுதான். டெல்லியில் ராஷ்டிரபதி பவனைக் கட்டிய லட்யன்ஸ், இங்கிலாந்து ராணி மேரிக்காக வடிவமைத்து 1924-ல் முடித்த பொம்மை வீடும் இதே அளவுதான். குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும். இன்றும் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. கணக்கு பிசகாமல் இருப்பதால்தான் அதைப் படத்தில் பார்த்தால் நிஜ அறை போலவே தெரிகிறது.

எங்கள் வாசற்கதவு ஆறடி. அப்படியானால் மினியேச்சரில் ஆறு அங்குலம் இருக்க வேண்டும். வந்தது மூன்றே முக்கால் அங்குலம். ஏழரை அங்குலம் இருக்க வேண்டிய தாழ்வாரத்துத் தூண் நான்கு அங்குலம். சரி, சின்ன அளவில் மொத்தமாகச் செய்துவிட்டார் போலிருக்கிறது என்று ஜன்னலை அளந்தால், அது மட்டும் சரியாக மூன்று அங்குலம், 1:12 கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதாவது ஜன்னலுக்கும் கதவுக்கும் உயரத்தில் முக்கால் அங்குலம்தான் வித்தியாசம்! வேறு வேறு கிட்டுகளின் டிசைன் ஃபைல்களை எடுத்து ஒன்றாக வெட்டியிருக்கிறார் என்பதுதான் என் முடிவு. நான் அனுப்பிய அளவுகளை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆசாரியிடம் சொல்லிச் செய்து வைத்திருந்த நான்கு அங்குல ஊஞ்சல் பலகை கூடத்தில் குறுக்கே நுழையவே இல்லை. தேடித் தேடி அளவு பார்த்து வாங்கிய பித்தளைச் சொப்புகளை வைத்தால், அண்டா தூணின் பாதி உயரத்துக்கு வருகிறது. அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. சுவர்களை நிறுத்திக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “தாத்தா நம்ம வாசல்ல குனியாமப் போவாரும்மா” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது மரம். பிளைவுட் என்று சொன்னது இரண்டரை மி.மீ. எம்.டி.எஃப்., அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். பிளைவுட்டில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரியும், எம்.டி.எஃப்.பில் அடுக்கே இருக்காது, அழுத்திய தூள் போல ஒரே சீராக இருக்கும். எம்.டி.எஃப். கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. நானே அதில் வேலை செய்திருக்கிறேன். ஆனால் அது தண்ணீரைக் குடிக்கும். விளிம்பில் முதலில் சாண்டிங் சீலரோ தண்ணீர் கலந்த ஃபெவிக்காலோ பூசி அடைத்துவிட்டுத்தான் பெயின்ட் தொட வேண்டும். இரண்டு பக்கமும் பூச வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும். பிளைவுட் என்று நம்பி நேராக அக்ரிலிக் அடித்தேன். மறுநாள் காலையில் திண்ணையின் விளிம்பெல்லாம் உப்பிப்போய், கோத்து மாட்ட வேண்டிய பற்கள் துளைக்குள் போகவில்லை.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வந்தது லைட்டிங்கில்தான். கூரையைத் தனியாகத் தராமல், உள்ளே வயர் வைத்து ஒட்டியே அனுப்பியிருந்தார். கூடவே 12 வோல்ட் அடாப்டர். செருகினேன். இரண்டு நொடி பிரகாசமாக எரிந்தது, அப்புறம் கருகல் வாடை. பிடுங்கிவிட்டுக் கூரையைப் பிரித்துப் பார்த்தால், 3 வோல்ட் வெள்ளை எல்.இ.டி. ஒவ்வொன்றையும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற ரெசிஸ்டரே இல்லாமல் நேராக 12 வோல்ட்டில் கொடுத்திருக்கிறார். 20 மில்லிஆம்பியர் எல்.இ.டி.க்கு 12 வோல்ட்டில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். கடையில் ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள். கொலுவில் பட்டுத் துணிக்கும் காகிதத் தோரணத்துக்கும் நடுவில் இது நாள் முழுக்க எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்டியில் தளர்வாகக் கிடந்த நான்கு பட்டன் பேட்டரிகளையும் சொல்ல வேண்டும். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். பொம்மை என்ற பெயரில் வருகிற பெட்டிக்குள் அவற்றை இப்படிப் போட்டு அனுப்புவது பெரிய தவறு.

கேட்டதற்கு வந்த பதில்: “கஸ்டமைஸ்டு பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது.” அதன் பிறகுதான் அந்தப் பக்கத்தின் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். மூன்று படங்கள் வேறொரு கலைஞருடைய பக்கத்தில், பல மாதங்கள் முன்பே வந்தவை. பணம் போடுவதற்கு முன் இதைச் செய்திருக்க வேண்டும், ஐந்து நிமிட வேலை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். விற்றவரின் முகவரி கேட்டார்கள். கூரியர் சீட்டில் ஊர்ப் பெயரும் போன் நம்பரும்தான் இருந்தன. இணையத்தில் தொழிலாக விற்கிற நிறுவனம் தன் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் எண்ணை அனுப்பிய பிறகு 3,000 ரூபாய் திரும்பி வந்தது. அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். மீதிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. பிரிக்கும்போது வீடியோ எடுக்காதது இப்போது எனக்குப் பெரிய குறையாக நிற்கிறது. நீங்கள் பெட்டியை வெட்டும் முன்பே கேமராவை ஓட விடுங்கள்.

ஆர்டர் செய்கிறவர்களுக்கு ஒன்று. ‘1:12’ என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். கதவு எத்தனை அங்குலம், ஒரு படியின் உயரம் எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். நிஜப் படி ஏழு அங்குலம் என்றால் 15 மி.மீ. அருகில் வர வேண்டும். அளக்கும் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து இன்றைக்கே எடுத்த படம் வேண்டும் என்று சொல்லுங்கள். உண்மையாகத் தொழில் செய்கிற கலைஞர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. அதற்குப் பிறகு நான் பேசிய இரண்டு பேர் உடனே அனுப்பினார்கள், விளிம்பைக் கிட்டத்தில் எடுத்த படத்தோடு. கூரை திறக்கும்படி இருக்க வேண்டும், வயர் கைக்கு எட்ட வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிறந்தநாள் போய்விட்டது. இப்போது முதலில் ஃபோம்போர்டில் (லேசான நுரை அட்டை) வீட்டை வெட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, உள்ளூர் லேசர் கட்டிங் கடையில் பிளைவுட்டில் ஒவ்வொரு துண்டாக வெட்டி வாங்கிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் வாசற்கதவு முடிந்தது, ஆறு அங்குலம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாதாங்கி இடது பக்கம் வர வேண்டுமாம். கழற்றி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.