ஆறு நம்பரை போர்ட் பண்ணக் கொடுத்து ஏமாந்தேன்: ஸ்டேட்டஸை நம்பாதீர்கள், ஹிஸ்டரியைக் கேளுங்கள்

போச்சம்பள்ளி, மத்தூர் பக்கம் நர்சரி, மண்டி, கடை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

சந்தூரில் எங்களுக்கு மாங்கன்று நர்சரி. போர்டு, பில் புக், கன்றில் கட்டுகிற சீட்டு எல்லாவற்றிலும் பதினைந்து வருஷமாக ஒரே நம்பர்தான். பழைய கம்பெனி சிக்னல் தோட்டத்தில் நிற்கவே இல்லை என்பதால், வீட்டு நம்பர்களையும் சேர்த்து ஆறு நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற நினைத்தேன். எல்லாம் என் பெயரில் உள்ள ப்ரீபெய்டு நம்பர்கள்.

கிருஷ்ணகிரியில் ஒரு ஏஜென்ட், நம்பருக்கு 500 ரூபாய் கேட்டார். மனு எங்கே நிற்கிறது என்று எங்கள் சாஃப்ட்வேரில் நீங்களே பார்க்கலாம் என்று லாகின் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் நம்பி 3,000 ரூபாயும் ஆதார் நகலும் கொடுத்தேன். ஒரு போர்ட்டிங்குக்கு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) வைத்திருக்கும் கட்டணம் 6.46 ரூபாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. 1900-க்கு மெசேஜ் அனுப்பி, வந்த எட்டு எழுத்து யுபிசி கோடு (நம்பரை மாற்றத் தர வேண்டிய கோடு) ஆறையும் அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

“பழைய சிம்முக்கு ரீசார்ஜ் போடாதீங்கண்ணா, மாறினதும் பேலன்ஸ் போயிடும்” என்றார். மாறினால் பேலன்ஸ் போவது உண்மைதான். ஆனால் மாறவே இல்லையே! ஆடி பிறந்து கன்று கேட்டு ஆள் வருகிற நேரத்தில் போர்டில் இருந்த நம்பருக்கு வேலிடிட்டி முடிந்து இன்கமிங் நின்றுவிட்டது. சித்தூரிலிருந்து 400 செந்தூரா ஒட்டுக்கன்று கேட்டவர் இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டு வேறு நர்சரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஏஜென்டைக் கேட்டால், “சிஸ்டத்துல வெரிஃபிகேஷன்னு காட்டுது பாருங்க” என்பார். காட்டத்தான் செய்தது. 18 நாள்.

ஓசூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது லாகினைக் காட்டினேன். “மாமா, இது இப்போதைய ஸ்டேட்டஸ் மட்டும்தான். யார், எப்போ, எதிலிருந்து எதுக்கு மாத்தினாங்கன்னு வேற இடத்துல பதிவாகியிருக்கும்” என்றாள். அந்த சாஃப்ட்வேரின் உதவிப் பக்கத்திலேயே ஏபிஐ (சாஃப்ட்வேரில் உள்ள பதிவுகளை நேரடியாகக் கேட்டு எடுக்கும் வழி) விவரம் இருந்தது. என் லாகினை வைத்தே ஒவ்வொரு மனுவின் ஹிஸ்டரியையும் இழுத்து எக்செல்லில் போட்டுக் கொடுத்தாள்.

ஆறு நம்பருக்கும் ‘வெரிஃபிகேஷன் முடிந்தது’ என்று ஒரே நொடியில் ஏறியிருந்தது. நேரம் 20:41. “இது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம் மாமா, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும்” என்றாள். அப்படியானால் ராத்திரி 2:11. ‘மாற்றியவர்’ என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் அந்த ஏஜென்டின் ஐடிதான். போன் கம்பெனியிடமிருந்து வந்த பதில் என்று ஒரு வரிகூட இல்லை. ரெஃபரன்ஸ் நம்பர் கட்டம் காலி. மனு போகவே இல்லை. அவரே உட்கார்ந்து ஸ்டேட்டஸை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு வயிறு எரிந்தது இன்னொரு விஷயத்துக்குத்தான். தமிழ்நாட்டில் யுபிசி 4 நாள்தான் செல்லும். ஒரே சர்க்கிளுக்குள் (போன் கம்பெனிகளின் சேவைப் பகுதி) என்றால் 3 வேலை நாளில் நம்பர் மாறிவிட வேண்டும். 18 நாள் ஒரே யுபிசியோடு மனு நிற்கிறது என்பதே நடக்காத காரியம். இது தெரிந்திருந்தால் அஞ்சாம் நாளே கழுத்தைப் பிடித்திருப்பேன். மனு நிஜமாகப் போயிருந்தால் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மாறும் என்று உங்கள் போனுக்கே மெசேஜ் வரும். நிராகரித்தாலும் காரணம் இருக்கும்: வாங்கி 90 நாள் ஆகவில்லை, போஸ்ட்பெய்டில் பாக்கி, யுபிசி பொருந்தவில்லை, இப்படி ஏதாவது. சிம்மை மாற்றி வாங்கியிருந்தால் 7 நாளுக்கு யுபிசியே வராது, அது 2024 ஜூலையிலிருந்து விதி. ஏஜென்ட் காட்டுகிற ஹிஸ்டரியில் இதில் எதுவுமே இல்லை என்றால் உடனே சந்தேகப்படுங்கள்.

ஆதார் நகல் கொடுத்தது நினைவுக்கு வந்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் என் பெயரில் எத்தனை இணைப்பு என்று பார்த்தேன். ஏழு காட்டியது. ஏழாவது எனக்குத் தெரியாத நம்பர். யார் வாங்கினார்கள் என்று நான் சொல்ல முடியாது. ‘என் எண் அல்ல’ என்று அங்கேயே புகார் பதிவு செய்திருக்கிறேன். யாரிடமாவது ஆதார் நகல் கொடுத்தவர்கள் இன்றைக்கே பாருங்கள்.

போர்டில் உள்ள நம்பருக்கு ரீசார்ஜ் போட்டு உயிர் கொடுத்து, புதிய யுபிசி எடுத்து, கம்பெனி ஷோரூமுக்கு நானே போனேன். கைரேகை வைத்து சிம் வாங்கிய மூன்றாம் நாள் ராத்திரி மாறிவிட்டது. ஒரு ரூபாய் கேட்கவில்லை. மற்ற ஐந்தையும் அப்படியே மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

3,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. எக்செல் ஃபைலை பிரிண்ட் எடுத்து ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி லாகின் வாங்கியவர்கள் உங்கள் ஹிஸ்டரியை இன்றே இறக்கி வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போய்க் கேட்போம். லாகினை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மூடலாம். என்னுடையது நேற்றிலிருந்து திறக்கவில்லை.