விண்டோஸ் 11: ஹோமா, புரோவா? நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

விண்டோஸ் 11இன் ஹோம், புரோ என்ற இரண்டு பதிப்புகளில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் ஒருவர், இருவர் பாவிக்கும் லப்டொப்புக்கு ஹோம் தாராளமாகப் போதும். பல கை படும் இயந்திரங்களுக்கு, அதாவது ரியூசன் நிலையம், கொமியூனிகேசன் கடை, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதி போன்ற இடங்களுக்கு, புரோவுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. வேகத்தில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. "புரோ போட்டால் ஸ்பீடா ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஹோம் 128 ஜிபி ராம் வரை ஏற்கும், புரோ 2 டிபி வரை ஏற்கும் என்பது உண்மைதான். 8 ஜிபியோடு ஓடும் நம் லப்டொப்புகளுக்கு அந்தக் கணக்கால் பயனில்லை.

தெரிவு செய்வதற்கு முன், கையில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்று போனால் பதிப்பின் பெயர் தெரியும். இங்கே விற்கப்படும் லப்டொப்புகள் பலவற்றில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்று இருக்கும். திரையில் வரும் மெனு மொழியை மாற்ற முடியாது என்பதைத் தவிர அது முழு ஹோம்தான். தமிழில் தட்டச்சு செய்ய அது எந்தத் தடையும் இல்லை. அஞ்சல், தமிழ் 99 விசைப்பலகைகளை வழமை போலச் சேர்த்துக்கொள்ளலாம், பாமினி எழுத்துருவும் வேலை செய்யும்.

பலர் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. அப்படி வாங்கிய லப்டொப்பின் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. ஒருநாள் இயந்திரம் பழுதாகி, திருத்தக் கொடுத்தால், திருப்பிக் கொடுக்கும்போது 'புரோ' போட்டுத் தருவார்கள். அது கிராக் செய்த புரோ. காசு கொடுத்து வாங்கிய உண்மையான உரிமம் உள்ளே தூங்க, மேலே திருட்டுப் பதிப்பு ஓடுகிறது. இப்படிக் கிராக் செய்யப் பெரும்பாலும் பாவிப்பது நிறுவனங்களுக்கான அக்டிவேஷன் முறை, அது 180 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டியது. அதற்காகப் பின்னணியில் ஓடவிடும் சின்னப் புரோகிராமுக்காக அன்ரிவைரஸையும் நிறுத்திவைப்பார்கள். வங்கி வேலை பார்க்கும் இயந்திரத்தில் இதை வைத்திருப்பது பெரிய ஆபத்து. திருத்தக் கொடுக்கும்போதே "பழைய ஹோமையே போடுங்கோ" என்று சொல்லுங்கள். மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து எடுத்த கோப்பை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி நிறுவினால், அது மதர்போர்டில் உள்ள உரிமத்தைத் தானே வாசித்து ஹோமை நிறுவும். இணையம் கிடைத்ததும் அக்டிவேட் ஆகிவிடும்.

புரோவின் பெறுமதி அப்டேட் விடயத்தில்தான் தெரிகிறது. பத்து இயந்திரங்கள் உள்ள ஒரு நிலையத்தில், ஒரே 4ஜி றவுட்டரில், மைக்ரோசொஃப்ட் மாதாந்த அப்டேட்டை வெளியிடும் இரண்டாவது செவ்வாய்க்குப் பின் எல்லாம் ஒன்றாக அப்டேட் இறக்கத் தொடங்கினால் டேட்டா பக்கேஜ் அந்த வாரமே காலி. ஹோமிலும் ஓரளவு சமாளிக்கலாம்: வைஃபை இணைப்பை 'மீட்டர்ட்', அதாவது டேட்டா அளவோடு பாவிக்கவேண்டியது, என்று குறித்துவைக்கலாம், அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கலாம், டெலிவரி ஒப்டிமைசேஷனில் 'உள்ளூர் நெட்வேர்க்கில் உள்ள இயந்திரங்கள்' என்பதைத் தெரிவு செய்து ஒன்று இறக்கியதை மற்றவை பகிரச் செய்யலாம். ஆனால் ஐந்து வாரம் முடிந்ததும் இறக்கியே ஆகவேண்டும், ஒரு மாணவன் விளையாட்டாக 'மீட்டர்ட்'ஐ நீக்கிவிட்டாலும் கதை முடிந்தது. புரோவில் குரூப் பொலிசி, அதாவது இயந்திரத்துக்கான விதிகளை நிர்வாகி ஒரே இடத்தில் போடும் வசதி, இருக்கிறது. அதில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் போய், மாதாந்த அப்டேட்டை 30 நாள் வரையும், பெரிய வருடாந்த அப்டேட்டை 365 நாள் வரையும் தள்ளிவைக்கலாம். ஆள் உள்ளே இருக்கும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகக்கூடாது என்றும் கட்டளையிடலாம். நிர்வாகி கணக்கின் பாஸ்வேர்ட் இல்லாமல் மாணவர்களால் இதை மாற்ற முடியாது.

மாரி காலத்தில் இதற்கு இன்னும் முக்கியத்துவம் உண்டு. பெரிய அப்டேட் பாதியில் நிற்கும்போது கரண்ட் போனால், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப் மறுபடி ஓன் ஆகி, செய்ததையெல்லாம் திரும்ப அவிழ்க்க வெகுநேரம் எடுக்கும், சிலவேளை அவிழ்க்கவும் முடியாமல் நின்றுவிடும். கார்த்திகை, மார்கழியில் வருடாந்த அப்டேட்டைத் தள்ளிவைத்து, தை கழித்து ஒரு சனிக்கிழமை பகலில் ஆறுதலாகச் செய்வதுதான் புத்தி.

அடுத்தது டிஸ்க் பூட்டு, அதாவது சாவி இல்லாமல் டிஸ்க்கில் உள்ளதை வாசிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் என்கிரிப்ஷன். இதில் ஹோம் பாவிப்பவர்கள்தான் கூடுதலாக மாட்டுப்படுகிறார்கள். விண்டோஸ் 11இன் 2024 வெளியீடான 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால், பெரும்பாலான இயந்திரங்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். லப்டொப்பைத் தயார் செய்துகொடுத்தவர் அவசரத்துக்குத் தன் கணக்கையே போட்டிருந்தால் சாவி அவரிடம்! பயோஸை (மதர்போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலோ மதர்போர்ட் மாற்றினாலோ நீலத் திரை வந்து சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்கள், பாடக்குறிப்புகள் எதையும் எவராலும் மீட்க முடியாது. ஆகவே இன்றைக்கே செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கணக்கின் வலைப்பக்கத்தில் சாவியைத் தேடி, தாளில் எழுதி வீட்டு உறுதியோடு வையுங்கள். சாவிக்குப் பக்கத்தில் உள்ள அடையாள இலக்கத்தின் முதல் எட்டு எழுத்துகளையும் எழுதவேண்டும். வீட்டில் இரண்டு லப்டொப் இருந்தால் எது எதனுடையது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம். புரோவில் இந்தப் பூட்டு 'பிட்லொக்கர்' என்ற பெயரில் முழுதாக வருகிறது. பயோஸ் வேலைக்கு முன் ஒரே கிளிக்கில் தற்காலிகமாக நிறுத்தலாம், பென் டிரைவையும் பூட்டலாம். பரீட்சை வினாத்தாள் பென் டிரைவில் போய்வரும் இடங்களுக்கு இது நல்ல காவல்.

தூரத்திலிருந்து இயந்திரத்தை இயக்கும் ரிமோட் டெஸ்க்டொப்பை மட்டும் நினைத்து புரோ வாங்கத் தேவையில்லை. விடுதி வரவேற்பறைக் கொம்பியூட்டரை கொழும்பிலிருந்து பார்ப்பதற்கு ஹோமிலேயே குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போதும். புரோ வைத்திருப்பவர்களும் ரிமோட் டெஸ்க்டொப் பாவிக்கும் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது.

வளாகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் புரோ வேண்டும் என்று நிற்பார்கள். லினக்ஸ் பயிற்சிக்கான டபிள்யூஎஸ்எல், டொக்கர், வேர்ச்சுவல்பொக்ஸ் மூன்றும் ஹோமில் ஓடும். இயந்திரத்துக்குள் இன்னொரு இயந்திரத்தை ஓட்டும் ஹைப்பர்-வி, சந்தேகமான புரோகிராமைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் சான்ட்பொக்ஸ் இரண்டும்தான் ஹோமில் இல்லை.

பிறகு மனம் மாறினால் ஹோமிலிருந்து புரோவுக்குப் போவது சுலபம்: அக்டிவேஷன் பக்கத்தில் புதிய கீயைக் கொடுத்தால் கோப்புகள் அப்படியே இருக்க, ஒரு ரீஸ்டார்ட்டோடு மாறிவிடும். புரோவிலிருந்து ஹோமுக்குத் திரும்ப அப்படி வழி இல்லை, எல்லாவற்றையும் அழித்துத்தான் நிறுவவேண்டும். சந்தேகம் என்றால் ஹோமில் தொடங்குங்கள். மிச்சப்படும் காசுக்கு முதலில் ஒரு யூபிஎஸ் வாங்குங்கள்.