எழும்பூர் மியூசியத்துக்கு மெட்ரோவா, பஸ்ஸா?

தண்டையார்பேட்டையிலிருந்து 40 பிள்ளைகளை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போக மெட்ரோதான் எங்கள் கட்சி. சென்ட்ரலில் நீல வழித்தடத்திலிருந்து பச்சைக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷனே எழும்பூர். சிக்கல் கதவில்தான்: எல்லோரும் ஒரே கதவில் முண்டினால் பாதிப்பேர் பிளாட்பாரத்தில் நிற்கும்போதே மூடிக்கொள்ளும். பத்துப் பத்தாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கதவு. டீச்சர் கடைசியாக ஏறட்டும். இறங்கியபின் பாந்தியன் சாலை வரை வெயிலில் நடை. தொப்பி, தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

பஸ் என்றால் சாப்பாட்டுப் பையைச் சுமக்க வேண்டாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு அதுதான் சரி. ஆனால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் காலைப்பொழுதே போச்சு.

எதில் போனாலும் வெள்ளிக்கிழமை வேண்டாம். மியூசியத்துக்கு அன்றுதான் வார விடுமுறை.