கிரான்: ஒன்பது ஆண்டு புழக்கத்துக்குப் பிறகு

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து ஒன்பது ஆண்டு ஆகிறது. இதற்குள் டேட்டாபேஸ் மாறிவிட்டது, வெப் சர்வர் மாறிவிட்டது, ஆப்பரேட்டிங் சிஸ்டம்கூட இரண்டு தடவை மாறிவிட்டது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானுக்காக முதல் வாரம் நான் எழுதிய கிரான்டேப் (அதன் வேலைப் பட்டியல்) வரிகளில் பாதி இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. கிரான் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இதனால் வந்ததுதான்.

1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே கிரான் உண்டு. இன்று பல லினக்ஸ் சர்வர்களில் ஓடுவது, பால் விக்சி 1987-இல் எழுதியதன் வழிவந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, எந்த வரிக்கு நேரம் வந்திருக்கிறது என்று பார்க்கும், ஓட்டும், மறுபடி தூங்கிவிடும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று வரிசையாக ஐந்து இடம், அப்புறம் கட்டளை. 30 2 * * * என்று எழுதினால் (* என்றால் எதுவானாலும்) தினமும் அதிகாலை 2:30. அரை மணி நேரத்தில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஆனால் கற்றுக்கொடுக்கும்போதே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நிமிட இடத்தில் */7 போட்டால் ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் என்று நினைத்துவிடுகிறோம். 56-ஆவது நிமிடம் ஓடிய பிறகு அடுத்தது 0-ஆவது நிமிடம், அதாவது நான்கே நிமிட இடைவெளி. அதேபோல 0 3 13 * 5 என்பது 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக இருந்தால் மட்டும் ஓடும் வரி இல்லை. எல்லா 13-ஆம் தேதியும் ஓடும், எல்லா வெள்ளிக்கிழமையும் ஓடும்.

இதெல்லாம் ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டால் போதும். கிரானின் பெரிய குறை வேறு. வேலையைத் தொடங்கி வைப்பதோடு அதன் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. வேலை உருப்படியாக முடிந்ததா என்று அது பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டேட்டாபேஸ் பேக்கப் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. அதை 2:30-க்குப் போட்டுவிட்டு, கிரான் அனுப்பும் தேவையில்லாத மெயில் வரக் கூடாது என்று அவுட்புட், எரர் இரண்டையும் டெவ் நல்லுக்கு, அதாவது எல்லாவற்றையும் விழுங்கிவிடும் குப்பைத்தொட்டிக்கு, திருப்பிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் ஒருவர் தவறுதலாக அழித்த டேபிளை மீட்டுத் தரக் கேட்டார். பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். பதினோரு ஃபைல்கள் தேதி வாரியாக ஒழுங்காக நின்றன. ஒவ்வொன்றும் 20 பைட்.

ஃபைலைச் சுருக்கும் ஜிஜிப், ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் கிடைக்கும் அளவு அது. டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுக்கும் கட்டளை லோக்கல் பின் ஃபோல்டரில் இருந்தது. என் டெர்மினலின் பாத்தில், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில், அந்த ஃபோல்டர் உண்டு, கிரான் தரும் பாத்தில் இல்லை. கட்டளை கிடைக்கவில்லை என்ற எரரை நானே வாயடைத்திருந்தேன். ஒரு கட்டளையின் அவுட்புட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்பின் கடைசியில் இருந்த ஜிஜிப் வெற்றி என்று 0 திருப்பியது. அந்த டேபிளைப் பழைய லாகுகளிலிருந்து திரட்டி எடுக்க இரண்டு நாள் ஆனது. நம்பிக் கொடுத்தவரிடம் போய் அதைச் சொன்ன நிமிடத்தை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து கிரான்டேப்பின் தலையில் பாத்தை முழுசாக எழுதுகிறேன். கிரானின் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மெயில்டூவில் உண்மையிலேயே நான் படிக்கும் முகவரி இருக்கிறது. ஸ்கிரிப்ட் பாஷ் ஷெல்லில் ஓடுகிறது, பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் போட்டிருக்கிறேன். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்கிவிடாதபடி எஃப்லாக் காவல் நிற்கிறது. கட்டளையை நேராக வரியிலேயே எழுதுகிறவர்கள் சதவீதக் குறியைக் கவனிக்க வேண்டும். முன்னால் பின்சாய்வுக் கோடு போடாவிட்டால் கிரான் அதைப் புதிய வரியாக எடுத்துக்கொள்ளும். தேதிக் கட்டளைக்கு அந்தக் குறி தேவை என்பதால், தேதியை ஃபைல் பெயரில் சேர்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொன்றை மன்னிக்கவே முடியவில்லை. கிரான்டேப்பைத் திருத்த மைனஸ் ஈ, மொத்தமாக அழிக்க மைனஸ் ஆர். கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சாவிகள். பல சர்வர்களில் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அழித்துவிடும். கிரான்டேப்பின் நகலை, பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் மென்பொருளில் வைத்திருங்கள்.

லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமருக்கு மாறலாமா என்று கேட்பார்கள். சில வேலைகளுக்கு மாறிவிட்டேன். 2:30-க்கு சர்வர் அணைந்திருந்தால் கிரான் அந்த ஓட்டத்தை அப்படியே விட்டுவிடும். டைமரில் பெர்சிஸ்டென்ட் என்ற வரியைச் சேர்த்தால், சர்வர் எழுந்ததும் விட்டதை ஓட்டிவிடுகிறது. கடைசியாக எப்போது ஓடியது, அடுத்து எப்போது என்று ஒரே கட்டளையில் பட்டியல் கிடைக்கிறது, எரரெல்லாம் அதன் லாகான ஜர்னலில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன வேலைக்கு சர்வீஸ் ஒன்று, டைமர் ஒன்று என இரண்டு ஃபைல் எழுத வேண்டும். பழைய டெம்ப் ஃபைல்களை அழிப்பதற்கெல்லாம் அது அதிகப்படி. அதற்கு கிரான்டேப்பில் ஒரு வரி போதும்.

பேக்கப் இப்போது டைமரில் ஓடுகிறது. ஃபைல் முந்தைய நாளின் பாதி அளவுக்குக் கீழே போனால் ஸ்கிரிப்டே தோல்வி என்று சொல்லி மெயில் அனுப்பும். மாதம் ஒரு முறை அந்த ஃபைலை வேறொரு மெஷினில் விரித்து, டேபிள்களை நானே எண்ணிப் பார்க்கிறேன்.