பேஸ்பால் பேட்டருக்கு எது முதலில்: பேட் சுழற்சியா, மனத்திட்டமா?

டீ எனும் பயிற்சித் தாங்கியின் மேல் பந்தை வைத்து அடிக்கும்போது இடுப்பு முதலில் திரும்புகிறதா, கை முந்துகிறதா என்று சுழற்சியை நிதானமாகப் பார்த்துத் திருத்தலாம். புதிதாக வருபவருக்கு இதுதான் சரி.

ஆட்டம் வேறு. பந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கிடைப்பது சுமார் 0.4 நொடி. அதற்குள் “முழங்கையை உள்ளே வை” என்று யோசித்தால் பந்து பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் கையில் இருக்கும். அங்கே உதவுவது மனத்திட்டம்தான்: எந்த இடத்துக்கு வரும் பந்தை அடிப்பேன், எதை விடுவேன் என்று முன்பே முடிவு செய்வது. 1941இல் .406 சராசரி (அதாவது பத்து முயற்சிக்கு நாலுக்கு மேல் வெற்றி அடி) எடுத்த அமெரிக்க பேட்டர் டெட் வில்லியம்ஸ் அப்படிக் காத்திருப்பதில் பேர்போனவர்.

பயிற்சியாளராக ஆட்ட நாளில் நான் சுழற்சி பற்றி வாயே திறக்க மாட்டேன். கண்ட பந்துக்கும் பேட்டை வீசுபவரிடம் அப்புறம் ஒன்றே ஒன்று கேட்பேன்: “எந்தப் பந்துக்காகக் காத்திருந்தாய்?”