தெருவழிக் குழுவா, விருப்பவழிக் குழுவா?

அமெரிக்க யூதர்களிடையே ‘ஹவூரா’ எனப்படும் சிறு தோழமைக் குழுக்கள், 1968இல் பாஸ்டன் அருகே தோன்றிய ஹவூரத் ஷாலோமைப் போலத் தனித்தும், 1970களில் கலிஃபோர்னியாவின் என்சினோவில் ரபி (யூத மதகுரு) ஹெரால்ட் ஷுல்வைஸ் வளர்த்ததுபோலத் தொழுகைக்கூடத்துக்குள்ளும் இயங்கின.

அக்கம்பக்கத்தாரைக் கொண்டு அமையும் குழுவுக்கு, சப்பாத் எனும் வாராந்திர ஓய்வுநாளில் வண்டி ஓட்டாதவர்களும் நடந்தே வந்துவிடலாம் என்பதும், துக்க வீட்டில் கதிஷ் எனும் துக்க வேண்டுதலைச் சொல்லத் தேவையான பத்துப் பேர் சட்டெனக் கூடிவிடுவார்கள் என்பதும் பெரும் பலம். பேச்சு மட்டும் சில வேளை பள்ளிக்கூடம், வீட்டு வாடகை என்றே சுற்றிவரும்.

யூத மறைநூலான தோராவின் வாசிப்பு, எபிரேயம், சமையல் என விருப்பத்தால் இணையும் குழுவில் உரையாடல் ஆழம் கொள்ளும். ஆனால் ஒருவர் நோயில் படுத்தால், சூப்புப் பாத்திரத்தோடு கதவைத் தட்ட நகரின் மறுமுனையிலிருந்து யார் வருவார்? புதிதாகத் தொடங்குவோருக்கு நான் தெருவையே பரிந்துரைப்பேன். வாசிப்பு வட்டத்தைப் பிறகு அதற்குள்ளேயே அமைத்துக்கொள்ளலாம்.